அம்மா கட்டிய பெல்ட்டு

நான் ஜாக்கெட் தைக்கிறவள். பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் கடை. இருபத்தாறு வருஷமாகப் பெண்களின் முதுகை டேப்பால் அளந்துகொண்டிருக்கிறேன். ஒருத்தி கடைப் படியில் ஏறும்போதே அவளுக்கு எந்தத் தோள் இறக்கம், எந்தக் கை பருமன் என்று சொல்லிவிடுவேன். "அந்தக்கா கண்ணாலயே அளந்துரும்" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். கர்வம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வயதான பெண்களுக்குத் தைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதுகு வளைய வளைய ஜாக்கெட்டின் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். முன்பக்கம் தொளதொளவென்று மடிந்து நிற்கும். அதனால் பின் உயரத்தைக் கூட்டி, முன் உயரத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். அம்மாவுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான்தான் தைப்பேன். ஒவ்வொரு வருஷமும் பின்பக்கம் கொஞ்சம் கூடும், முன்பக்கம் கொஞ்சம் குறையும். நானும் அதற்கேற்ற மாதிரி துணியை வெட்டுவேன். ஜாக்கெட் கச்சிதமாக உட்காரும். "எம்மக தச்சா தச்சதுதான்" என்று அம்மா ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவாள். பத்து வருஷம் இப்படிப் போனது. இந்த முதுகு ஏன் இப்படி வளைந்துகொண்டே போகிறது என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. வயசானால் கூன் விழும், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது கடைக்கு யாராவது வயதான அம்மா வந்து நின்றால் டேப்பை எடுக்கவே கை வருவதில்லை.

திருச்சுழியிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் ஒரு கரிசல்காட்டு ஊர் அம்மாவுடையது. அப்பா போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். எங்களுக்கு நிலம் நீச்சு கிடையாது. ஆனால் அந்த ஊரில் அம்மா கால் படாத புஞ்சையும் கிடையாது. களை எடுத்திருக்கிறாள், பருத்தி எடுத்திருக்கிறாள், கொத்தமல்லி பிடுங்கியிருக்கிறாள், குதிரைவாலி அறுத்திருக்கிறாள். எல்லாமே குனிந்து செய்கிற வேலை. பிறகு நூறு நாள் வேலைக்குப் போனாள். அங்கேயும் கண்மாய்க்கரையில் குனிந்து மண் அள்ளுகிற வேலைதான்.

அவளுக்கென்று இருந்தது அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு ஒன்று. அந்த வீடு அவள் பேரில் இருந்தது. அவள் பேரில் வேறு எதுவும் எப்போதும் இருந்ததில்லை. வாசலில் அவள் பேரை எழுதியிருந்த இடத்தைத் தவிர மற்ற சுவருக்கெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் அவளே வெள்ளையடிப்பாள். பேர் அழிந்துவிடக் கூடாதாம். எழுத்துப் படிக்கத் தெரியாத மனுஷிக்கு அந்த நாலு எழுத்து மேல் அவ்வளவு பிரியம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் மழை ஈரத்தில் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா தூக்கி விட்டிருக்கிறாள். எனக்கு மறுநாள்தான் தெரியும். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். அதிலேயே அம்மாவை அருப்புக்கோட்டைக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிவந்தோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். எலும்பு தேய்ந்து லேசாகிவிட்டது. முதுகெலும்பில் ஒரு கண்ணி எப்போதோ நசுங்கி உட்கார்ந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கூன். உடம்பு முன்னாலேயே சாய்ந்து கிடப்பதால் நடையில் தள்ளாட்டம் வருகிறது. இன்னொரு தடவை விழுந்தால் பெரிய எலும்பு ஏதாவது முறியலாம் என்றார்.

மாத்திரை எழுதினார். முதுகுக்குப் போடுகிற பெல்ட்டு ஒன்று எழுதினார். நடக்கவும் நிற்கவும் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். "போதும்மா, தனியா இருந்து கிழிச்சது. நம்ம வீட்டுக்கு வந்துரு."

அம்மா காதில் வாங்காதவள் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "மக வீட்டுல போயி உக்காந்து திங்கச் சொல்றியாக்கும். மருமகன் இருக்கிற வீட்டுல நான் எங்கிட்டுப் போயி ஒளிய? கூனிக்கிட்டே கதவு மறைவுக்குப் போறதுக்குள்ள அவுக வந்துருவாகளே."

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரே நிற்கமாட்டாள். அவர் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. "அத்தைய இங்கயே வச்சுக்கிருவோம்" என்று அவர்தான் எனக்கு முன்னால் சொன்னவர். அம்மாவுக்குத்தான் முடியவில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அன்றைக்கு அந்த ரோட்டிலேயே பஞ்சாயத்து முடிந்தது. "சரி, இருந்துக்க. ஆனா பெல்ட்டு வந்ததும் சொல்ற மாதிரி போடணும். இன்னொரு தடவ விழுந்தன்னு தெரிஞ்சுச்சு, அன்னைக்கே வீட்டப் பூட்டித் தூக்கிட்டு வந்துருவேன். அப்பறம் கெஞ்சக் கூடாது."

"விழுகமாட்டேன் தாயி. பெல்ட்டு போட்டுக்கிறேன்" என்றாள் அம்மா. சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் இருப்பதும் அந்தப் பெல்ட்டும் ஒன்றாகிவிட்டன. எனக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கவில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் நல்ல பொறுமைசாலி. அம்மாவைச் சுவரோடு நிற்க வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்து, ஒரு தாளில் படமெல்லாம் போட்டுக் கொடுத்தாள். பெல்ட்டைப் பற்றியும் சொன்னாள். "காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போதும்க்கா. உள்ள தகடு இருக்கும், அது முதுகுப் பக்கம் வரணும். ரொம்ப இறுக்கக் கூடாது. பெல்ட்ட மட்டும் நம்பி இருந்தா சதை பலம் போயிரும், பயிற்சியும் செய்யணும். நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க. பெல்ட்டு வந்ததும் ஒருநா கூட்டிட்டு வாங்க, நானே போட்டுக் காட்டுறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு என்ன வெளங்குது? நீ கேட்டு வச்சுக்க தாயி."

நான் கேட்டு வைத்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். தை பிறந்தால் கல்யாணம். ஜாக்கெட் கேட்டு போன் மேலே போன். அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு, "கை ஒர்க் முடிஞ்சிருச்சுக்கா, கொக்கிதான் பாக்கி" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் போட்ட தாளை மடித்துக் கைப்பையில் போட்டேன். அது அந்தப் பையிலேயே கிடந்தது.

பெல்ட்டு உடனே கிடைக்கவில்லை. மருந்துக் கடையில் சொல்லி வைத்து, வந்து சேர மார்கழி பாதி ஆகிவிட்டது. அம்மாவை மறுபடி அருப்புக்கோட்டைக்குக் கூட்டிவர வேண்டும், அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும். ஒருநாள் கடையைப் பூட்ட வேண்டும். தலைக்கு மேலே வேலை கிடந்தது. பெல்ட்டு போடுவதற்கு என்ன பாடம் படிக்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். சாம்பல் கலரில் ஒரு சாண் அகலம். இழுத்தால் நீளும், ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப் பட்டையைக் கர்ரென்று பிரித்துப் பிரித்து ஒட்டிப் பார்த்தாள். உள்ளே தகடு இருந்த இடத்தைத் தடவினாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இது என்னத்தா, புள்ள பெத்தவளுக்குக் கட்டுற கட்டு மாதிரியில்ல இருக்கு?"

பிள்ளை பெற்றவளுக்கு வயிறு தொங்கிவிடக் கூடாது, உள்ளே காற்றுப் புகுந்துவிடக் கூடாது என்று பழைய வேட்டியை நாலாக மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். என் மூத்த பிள்ளைக்கு அம்மாதான் எனக்குக் கட்டிவிட்டாள். மூச்சு விட முடியாமல் நான் கத்தினேன்.

"ஆமா, நீ இப்பத்தான் பச்ச ஒடம்புக்காரி" என்றேன். "அதே மாதிரிதான். காலையில எந்திரிச்சதும் நல்லா இறுக்கிக் கட்டு. படுக்கையில அவுத்துக்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். தெருமுக்கில் பஸ் ஆரன் அடித்தது. அதை விட்டால் அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். போட்டுக் காட்டாமலே ஓடி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் கடை திறந்ததும் போன் போடுவேன். "பெல்ட்டு போட்டியா?" "போட்டேன் தாயி." "மாத்திரை?" "போட்டேன்." "விழுந்தியா?" "இல்லயே." அவ்வளவுதான் பேச்சு. மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவேன். வேறு எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

மாசி மாதம் ஊருக்குப் போனேன். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பழைய கூன் இல்லை. தலை நிமிர்ந்திருந்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு தெருவில் வந்த என்னை அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா, கொமரியாகிட்டியே" என்று கட்டிப் பிடித்தேன். உடம்பு மெலிந்திருந்தது. சதை கரைந்தால் முதுகுக்குப் பாரம் குறையும், நல்லதுதான் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

பெல்ட்டைச் சேலைக்கு உள்ளேதான் கட்டியிருந்தாள். வெளியே தெரிந்தால் ஊர் கேலி செய்யுமாம். பங்குனியில் வருகிற அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்று டேப்பை எடுத்து அளந்தேன். பின் உயரம் குறைந்திருந்தது. பத்து வருஷமாகக் கூடிக்கொண்டே வந்த அளவு முதல் தடவையாகக் குறைந்திருந்தது. "பாத்தியா, நான் சொன்னபடி கேட்டா எல்லாம் சரியாகும்" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மாவும் பெருமையாகத் தலையை ஆட்டினாள்.

அளக்கும்போது என் விரல் அவள் முதுகில் பெல்ட்டின் மேல்தான் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பருத்தியா, பாலியெஸ்டரா, லைனிங் கொடுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிற விரல் இது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி இருந்தது. அன்றைக்கு என் விரல் அதைத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறாள், எழுந்திருக்க முடியவில்லை, வலது கால் கோணிக்கொண்டு கிடக்கிறது என்றாள். வெட்டுவதற்கு விரித்திருந்த பட்டுத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அம்மா வலியைப் பற்றிப் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "விழுகலத்தா. உக்காரப் போனேன், சரிஞ்சுட்டேன். இத விழுந்ததா எடுத்துக்கிராத."

அக்கா எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெல்ட்டு போட்ட பிறகு மூன்று தடவை அம்மா விழுந்திருக்கிறாள். ஒருதரம் நெற்றியில் அடிபட்டதைத் திருநீறு பூசி மறைத்திருக்கிறாள். "ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சுத்தா. சொன்னா வீட்டப் பூட்டிருவான்னு அழுதுச்சு. நான் என்ன செய்ய?" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சேலையைத் தளர்த்திப் பெல்ட்டைப் பிரித்தாள். எனக்கு அந்தக் கர்ரென்ற சத்தம் கேட்டது. அம்மாவின் ஒட்டிப்போன வயிற்றில் மேலிருந்து கீழாக நாலு தழும்பு. தகடு அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன கோடுகள். ஒரு கோட்டில் தோல் உரிந்து நீர் கசிந்திருந்தது.

"யாரும்மா இத முன்னும் பின்னும் மாத்திப் போட்டுவிட்டது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"யாரும் போட்டுவிடலம்மா, நானேதான். வயித்துக்கட்ட வயித்துலதான கட்டணும்" என்றாள் அம்மா, இதுகூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி.

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மார்கழி மாதத்து வாசலும், இரண்டு பேரும் சிரித்ததும், நான் சொன்ன வார்த்தையும் அப்படியே வந்து நின்றன. அதே மாதிரிதான். நல்லா இறுக்கிக் கட்டு.

டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். கை தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உடம்பில் தண்ணீரே இல்லையே, சரியாகச் சாப்பிடுகிறார்களா, தண்ணீர் குடிக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பதில் சொன்னாள். கால் முறிந்து கிடந்தவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

"பத்தியமெல்லாம் தப்புனதே இல்ல சார். கட்டுப் போட்டிருக்கையில வயிறு நெறயத் திங்கலாமா? ஒரு பிடி சோறும் பூண்டுக் கொழம்பும்தான். தண்ணி தொண்டை நனையிற அளவுக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தாண்டமாட்டேன்."

பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுப் போட்டால் அதோடு பத்தியமும் உண்டு. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு ஊதும், சோறு அதிகம் தின்றால் கட்டு பிடிக்காது என்பார்கள். அந்தக் காலத்து அரைகுறைக் கணக்கு. எனக்கு அம்மா அப்படி வைத்தபோது நான் தெரியாமல் சொம்புத் தண்ணீரைக் குடித்துத் தப்பித்தேன். அம்மாவோ மார்கழியிலிருந்து சித்திரை வரைக்கும், எங்கள் ஊர் வெயிலில், விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அரை வயிறும் கால் வயிறுமாக, தாகத்தோடு இருந்திருக்கிறாள். தலை சுற்றி விழுந்திருக்கிறாள். விழ விழ, கட்டு சரியாக இல்லை போலிருக்கிறது என்று இன்னும் இறுக்கியிருக்கிறாள். முன்னால் தகடு குத்தியதால் குனிய முடியாமல் விறைத்து நின்றதைத்தான் நான் நிமிர்ந்துவிட்டாள் என்று கட்டிப் பிடித்துக் கொண்டாடினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்டார். அவரிடம்கூட என்ன காரணம் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

இடுப்பு மூட்டுக்குக் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, பிடித்து நடக்க வைக்கலாம், ஆனால் உடம்பில் தெம்பு ஏறினால்தான் உண்டு என்றார்கள். அம்மாவின் ஊருக்குப் போய்விட்டுப் போவோம் என்று வண்டியைத் திருப்பினார் என் வீட்டுக்காரர். அவளுடைய துணிமணியை எடுக்க வேண்டியிருந்தது. வண்டிக்குப் பின்னால் மெத்தையில் படுத்திருந்த அம்மாவிடம் நான், "கொஞ்ச நாளைக்குத்தாம்மா. கால் சரியானதும் இங்கயே கொண்டுவந்து விட்டுர்றேன்" என்றேன்.

அம்மா மடியிலிருந்த சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "பேசுன பேச்சு பேசுனதுதான் தாயி. விழுந்துட்டேன். வாரேன்" என்றாள்.

நான் கதவைப் பூட்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. முகத்தை வண்டியின் தகரத்துப் பக்கமாக வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் என்னோடு ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். நடு அறையில் ஜன்னல் ஓரம் கட்டில் போட்டிருந்தோம். கதவுக்குப் பின்னால் போக முடியாததால், என் வீட்டுக்காரர் குரல் கேட்டாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். அப்படி மூடிக்கொண்டு மூச்சு முட்டக் கிடப்பாள். அதைப் பார்த்ததிலிருந்து அவர் வாசல் வழியாக வருவதையே விட்டுவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின் கதவு வழியாக அடுப்படிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணே வீட்டுக்கு வந்து பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பெல்ட்டை எடுத்து, தகடு முதுகுப் பக்கம் வருகிற மாதிரி அம்மாவுக்கு மெல்லச் சுற்றிக் காட்டினாள். உள்ளே இரண்டு விரல் போகிற அளவுக்குத் தளர்வாக ஒட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்பிடியா? இது கட்டுன மாதிரியே இல்லையே, சொகமா இருக்கே" என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை.

ஆனால் நாள் கடந்துவிட்டது. இரண்டு பேர் பிடித்தால் நாலு எட்டு வைப்பாள், ஐந்தாவது எட்டில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டைப் பற்றிக் கேட்பாள், அதுவும் நேராகக் கேட்கமாட்டாள். "அந்தப் பக்கம் மழை பேஞ்சுச்சாமா?" என்பாள். "வடக்குச் செவரு வெடிச்சுக் கெடந்துச்சு" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்வாள். நான் மிஷினை மிதிப்பேன். அந்த எட்டு மாதமும் கடையைப் பூட்டிவிட்டு மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன்.

உண்மையை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. ஊரையே வாயால் வெட்டித் தைக்கிறவள் நான். இதை மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்று பயமாக இருந்தது. அவளை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றியது அவள் விழுந்தது இல்லை, நான் சொன்னது. அதை மறைத்துக்கொண்டு அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை அடைமழையில் ஒரு மதியம் கரண்டு போய்விட்டது. தைக்க முடியவில்லை. அம்மா விழித்துக்கொண்டு மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். நான் கட்டிலில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்ன சொன்னாள், நான் எதைக் காதில் வாங்கவில்லை, கூட்டிப்போய்க் காட்டச் சொன்னதை நான் ஏன் செய்யவில்லை, விளையாட்டாக என்ன சொன்னேன், அதனால் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு பூராம் என் மேலதாம்மா. நீ எதுவும் செய்யல. ஒன் வீட்ட நான்தான் பூட்டிட்டேன்" என்றேன்.

அம்மா கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள்தான் பயந்துபோய் இருந்தாள்.

"ஒன் மேல என்னத்தா தப்பு?" என்றாள் மெதுவாக. "நீ இறுக்கிக் கட்டணும்னு சரியாத்தான் சொன்ன. நான்தான் சோறு திங்கையில வலி பொறுக்காம கொஞ்சம் தளத்தி விட்டுருவேன். அதான் விழுந்துட்டேன். ஒங்கிட்டச் சொல்லணும் சொல்லணும்னு இம்புட்டு நாளும் மருகிக்கிட்டே கெடந்தேன். கோவிச்சுக்கிராத தாயி."